கெடு தாண்டிய புத்தகம்

(அப்பாவின் தச்சுப் பெட்டியைத் தம்பி ஒழித்துக்கொண்டிருக்கிறான். அக்கா மேற்பார்வை செய்கிறாள், அதாவது, உட்கார்ந்திருக்கிறாள்.)

தம்பி: அக்கா, இழைப்புளிக்கு அடியில் ஒரு புத்தகம்.

அக்கா: கணக்கு நோட்டாக இருக்கும். யார் யார் நமக்குப் பாக்கி என்று பார்.

தம்பி: பாக்கி இவர்தான். நூலகப் புத்தகம். திருப்பித் தரவேண்டிய தேதி 1991 மார்ச் 9.

அக்கா: அப்பாவா? நான் முதன்முதலாக நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா?

தம்பி: மறக்குமா? "ஓசியில் ஒருவன் பொருளைத் தூக்கிக் கொடுக்கிறான் என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கும். வட்டி எவ்வளவு?" என்றார்.

அக்கா: வட்டி கிடையாது, 14 நாள் கெடு, தாண்டினால்தான் அபராதம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கெடு இருக்கிறது, அபராதம் இருக்கிறது, அப்புறம் இது கடன் இல்லாமல் என்ன? கடனை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது" என்று, நூலகம் திறப்பதற்கு முன்பே புத்தகத்தோடு வாசலில் போய் நின்றார்.

தம்பி: அதனால்தானே நீ வேகமாகப் படிக்கப் பழகினாய்?

அக்கா: ராத்திரிக்குள் முடிக்காவிட்டால் விடிந்ததும் கதை போய்விடும். எத்தனையோ பேருக்குக் கல்யாணம் நடந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பி: நான் ஃபாரடேயை வைத்து அவரை மடக்கப் பார்த்தேன். கொல்லர் மகன், 1805இல், 14 வயதில் பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார், தைக்க வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிப் படித்தார், பிற்பாடு மின்காந்தத் தூண்டலையே கண்டுபிடித்தார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அக்கா: அதற்கு?

தம்பி: "நல்ல தொழிலாக இருக்கிறதே, உன்னையும் பைண்டிங் கடையில் சேர்த்துவிடட்டுமா?" என்றார்.

அக்கா: ஆனால் நான் சத்தமாகப் படித்தால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். பலகையை இழைத்துக்கொண்டே இருப்பார். கதையில் சண்டை வந்தால் இழைப்புளி நின்றுவிடும்.

தம்பி: கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஆள் உண்டு. 1865இல் தொடங்கிய வழக்கம். எல்லோரும் சுருட்டுச் சுற்ற, ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிப்பார். அவருக்குச் சம்பளம், அந்தத் தொழிலாளிகளே சேர்த்துக் கொடுத்தது.

அக்கா: சம்பளமா! எனக்குக் கிடைத்தது "சீக்கிரம் படி, வஜ்ஜிரப் பசை காய்கிறது" என்ற அதட்டல்தான். சரி, எந்த அட்டையில் எடுத்தாராம்?

தம்பி: (அட்டைப் பையிலிருந்து உருவி) உன் அட்டையில்.

அக்கா: அடப்பாவி மனிதா! அதைத் தொலைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வாரம் வசவு. வைததே இவர்தான்! கட்டில் காலுக்கு முட்டுக்கொடுக்க எடுத்திருப்பார்.

தம்பி: இல்லை, படித்திருக்கிறார். அடையாளத்துக்கு உப்புத்தாள் துண்டு வைத்திருக்கிறார், பக்கத்துக்குப் பக்கம் எழுத்து தேய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோடு. பலகையில் அளவு குறிப்பாரே, அந்தத் தட்டைப் பென்சில். பக்கத்தில் திங்கள், செவ்வாய் என்று கிழமை வேறு.

அக்கா: எழுத்துக்கூட்டித்தானே படிப்பார். அப்படியானால் நாளைக்கு ஒரு பக்கம். மொத்தம் எத்தனை?

தம்பி: 212.

அக்கா: 14 நாளில் 14 பக்கம். மீதி 198 நாளும் கடன்காரராக இருந்திருக்கிறார்! அப்புறம் திருப்பிக் கொடுக்க வெட்கம், பெட்டியில் போட்டுவிட்டார்.

(சற்று நேரம் இருவரும் பேசவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சுகிறாள், மரத்தூள் என்கிறாள்.)

தம்பி: கடைசிப் பக்கத்தில் என்னமோ எழுதியிருக்கிறார்.

அக்கா: படிடா.

தம்பி: "சுமார்."

அக்கா: சுமாரா? ஏழு மாதம் வைத்துக்கொண்டு சுமாரா? இங்கே கொடு. அதை நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்.