என்சைம் காப்ஸ்யூல் கணையத்தைச் சோம்பேறி ஆக்காது
“கணைய அழற்சிக்குப் பின் (உணவைச் செரிக்க உதவும்) என்சைம் காப்ஸ்யூல் எடுத்தால் கணையம் சோம்பேறியாகிவிடும், எடுத்தாலும் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும்” என்று பரவுகிறது. இரண்டுமே தவறு.

அழற்சியில் சிதைந்த திசுவால் போதிய என்சைம் சுரக்க முடியாததால்தான் கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு போகிறது, எடை குறைகிறது. காப்ஸ்யூல் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. பயந்து நிறுத்தினால் கணையம் விழித்துக்கொள்ளாது; கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சேர்ந்து குறையும்.

வெறும் வயிற்றில் போட்டால் உணவோடு கலக்காமலே மருந்து வீணாகும். முதல் கவளத்தோடு விழுங்குங்கள். மெதுவாகச் சாப்பிடுபவர்கள் பாதியை நடுவில் எடுக்கலாம். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு, முழு உணவுக்கு 40,000–50,000 லிபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) அலகு. சிற்றுண்டிக்கு அதில் பாதி. மெல்லாதீர்கள், சூடான பானத்தோடு வேண்டாம். அப்படியும் பலனில்லையென்றால் வயிற்று அமிலம் என்சைமைக் கெடுத்திருக்கலாம்; அளவைக் கூட்டுவதா, அமிலம் குறைக்கும் மருந்தைச் சேர்ப்பதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.