மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

பொம்மைகளும் விளையாட்டுகளும் உருவாக்கி, அதை மட்டுமே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் யோசனை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதை எந்த நிபந்தனையில் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மோனோபொலி என்ற பலகை விளையாட்டுக்கு மூலமான விளையாட்டுக்கு லிஸி மேகி 1904இல் காப்புரிமை பெற்றார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவருடைய உரிமையை வாங்கிக்கொண்டது, 500 டாலருக்கு. ராயல்டி, அதாவது விற்பனையில் உருவாக்கியவருக்குத் தொடர்ந்து கிடைக்கும் பங்கு, கிடையாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஜான் ஸ்பினெல்லோ என்ற மாணவர் ‘ஆபரேஷன்’ விளையாட்டின் யோசனையை விற்றதும் அதே 500 டாலருக்குத்தான்! அது உலகமெங்கும் விற்றது. அவருடைய பல் சிகிச்சைக்கோ 2014இல் மற்றவர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

சூப்பர் சோக்கர் தண்ணீர்த் துப்பாக்கியை உருவாக்கிய லானி ஜான்சன், நாசாவில் வேலை பார்த்த பொறியாளர். அவர் கையில் ராயல்டி ஒப்பந்தம் இருந்தது. பங்கு குறைத்துத் தரப்பட்டது என்று போராடி, 2013இல் நடுவர் தீர்ப்பின் மூலம் ஏறக்குறைய 7.3 கோடி டாலர் பெற்றார்.

சரி, ராயல்டி என்று எழுதியிருந்தால் போதுமா? போதாது. வழக்கமாகப் பேசப்படும் ஐந்து சதவீதம் என்பது கடையில் விற்கும் விலையில் அல்ல, நிறுவனம் கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலையில். அதிலிருந்து எதையெல்லாம் கழிப்பார்கள் என்று வரி வரியாகக் கேளுங்கள். முன்பணம் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் அலமாரியிலேயே முடங்கிப்போகும் நல்ல விளையாட்டுகள் உண்டு. வெளியிடவும் மாட்டார்கள், வேறு இடத்தில் கொடுக்கவும் வழியிருக்காது.

விளையாடும் முறைக்குப் பதிப்புரிமைச் சட்டம் காவல் நிற்பதில்லை. விதிகளை எழுதிய வாசகத்துக்கும் படங்களுக்கும்தான் அது உண்டு. காப்புரிமை வாங்கலாம், ஆனால் செலவு அதிகம், எல்லா யோசனைக்கும் கிடைக்கவும் செய்யாது. அதனால்தான் ஒப்பந்தத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அப்புறம், பெயர். 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது ஜெர்மன் விளையாட்டு உருவாக்குநர்கள் சிலர் ஒன்றுகூடி, பெட்டியின் மேல் எங்கள் பெயர் இல்லையென்றால் விளையாட்டைத் தர மாட்டோம் என்று பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தத் துணிச்சலால் இன்று பல பலகை விளையாட்டுகளின் பெட்டியில் உருவாக்கியவர் பெயரைப் பார்க்கிறோம். பொம்மைத் துறையில் அது இன்னும் அரிது. குழந்தை கையில் வைத்துக் கொஞ்சும் பொம்மையை யோசித்தது யார் என்று அட்டையில் ஒரு வரி போடுவதற்கு நிறுவனங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. கேட்டு வாங்குங்கள்.