தம்பி, அது எங்கள் வாசல்

இனி யாரும் எனக்கு அந்த வீடியோவை அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். 'நம்ம மூணாறு வைரல் ஆயிடுச்சு' என்று ஹார்ட் போட்டு அனுப்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வீடியோவில் இருப்பது லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற வீட்டு வரிசை. லயத்துக்கு கேட் கிடையாது, காம்பவுண்டும் கிடையாது. ஒரே வரிசையில் வீடுகள், முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நீள வாசல். கேட் இல்லை என்பதற்காக அது பொது இடம் ஆகிவிடுமா? வீடியோ எடுத்த அந்தத் தம்பி கேமராவை நீட்டிக்கொண்டு நேராக உள்ளே நடக்கிறார். கொடியில் காய்கிற துணி, அடுப்படிப் புகை, மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிற குழந்தை, எல்லாம் வரிசையாக வருகிறது. பின்னணியில் புல்லாங்குழல் இசை. கடைசியில் வாசலில் உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம் போய், "குடுத்து வெச்சவங்க பாட்டி நீங்க, டெய்லி சொர்க்கத்துல ரிலாக்ஸா இருக்கீங்க" என்கிறார். பாட்டி சிரிக்கிறார். "சொந்த ஊர் எது பாட்டி?" என்று கேட்கிறார். "இதான்யா" என்கிறார் பாட்டி. "இல்ல பாட்டி, ஒரிஜினல் ஊரு?"

அந்த இடத்தில்தான் நான் போனைக் கீழே வைத்தேன். பாட்டி பதில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன ஒரிஜினல்?

தம்பியின் மீது தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது.

முதலில் அந்த ரிலாக்ஸ். ஜூனில் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரைக்கும் எங்கள் வீட்டில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன யூனிபாரத்தில் எந்நேரமும் புகை வாசம் இருக்கும். நீங்கள் எட்டிப் பார்த்து 'வாவ்' என்கிற மூடுபனிக்குள்தான் அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டை ஏறுவதைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கொழுந்து எடுத்தார். ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதைப் பார்க்க விடியும் முன்பே கார்கள் வரிசை கட்டும். அந்த உறைபனி விழுந்த செடி வெயில் ஏறியதும் கருகிவிடும். கருகிய செடியில் கொழுந்து ஏது? கொழுந்து இல்லையென்றால் கிலோக் காசு ஏது? நீங்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிப்போன பிறகு அந்த மாதச் சம்பளம் எப்படி வந்தது என்று யாராவது திரும்பி வந்து கேட்டீர்களா?

இப்படிச் சொன்னால் உடனே 'அப்படியென்றால் உங்களுக்கு அந்த ஊர் பிடிக்காதா' என்பார்கள். பிடிக்காமலா இவ்வளவு கோபம் வருகிறது? எனக்கு இந்த உலகத்தில் அந்த ஊரைத் தவிர வேறு எங்கேயும் சரியாகத் தூக்கம் வந்ததில்லை. கோயம்புத்தூரில் வேலை, வாடகை வீடு, எல்லாம் இருக்கிறது. ஆனால் லீவு கிடைத்தால் உடுமலையில் பஸ் ஏறுவேன். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, மறையூரில் கரும்புச்சாறு காய்ச்சுகிற வாசம் வந்து, அப்புறம் லக்கம் அருவி தாண்டியதும் காற்று மாறும். அந்தக் காற்று பட்டதும் தோளிலிருந்து ஏதோ இறங்கும். வாகுவாரை வந்தால் சீட்டின் நுனிக்கு வந்துவிடுவேன். ஆனைமுடிப் பாறை ஒரு வளைவில் தெரியும், மறையும், மறுபடி தெரியும். 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமானது என்று பாடத்தில் படிப்பதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். நாங்கள் காலையில் பல் விளக்கிக்கொண்டே பார்த்த மலை அது.

அந்த பஸ்ஸில்தான் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார், "டூரா மேடம்?" என்று. ஊருக்குப் போகிறேன் என்று சொல்வேன். "யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா அங்க?" என்பார். ஊருக்குப் போகிறேன் என்றுதானே சொன்னேன்! உடுமலையிலிருந்து ஒருத்தி தமிழ் பேசிக்கொண்டு மூணாறுக்குப் போனால் அவள் சுற்றுலாப் பயணியாகத்தான் இருக்க வேண்டுமா?

சரி, ஒரிஜினல் ஊருக்கு வருவோம். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து அந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அதற்குப் பிறகு காட்டை வெட்டவும் தோட்டம் போடவும் ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கிற ஜனங்களைக் கங்காணிகள், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற மேஸ்திரிகள், கூட்டிவந்தார்கள். அப்படி வந்தவர்களில் என் பாட்டியின் தாத்தாவும் ஒருவர். 1924 வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. ரயில் திரும்பி வரவேயில்லை. எங்கள் ஆட்கள் இருந்தார்கள். உடைந்த ஊரைத் திரும்பக் கட்டியது யார் கைகள்? இன்றைக்கு நீங்கள் ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிற அந்தப் பச்சை, தானாக முளைத்தது இல்லை. ஒவ்வொரு செடியும் ஒருவர் குழி தோண்டி வைத்தது, ஒருவர் கவாத்து வெட்டியது, ஒருவர் நாள் முழுவதும் நின்று கொழுந்து எடுத்தது. இத்தனை தலைமுறை ஆன பிறகும் ஒரிஜினல் ஊர் எது என்று கேட்டால் நான் எந்தத் தலைமுறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

சின்ன வயதில் கோயில் கொடைக்கு சங்கரன்கோவில் பக்கத்து கிராமத்துக்கு எங்களைக் கூட்டிப்போவார்கள். பெரியவர்கள் அதைத்தான் 'நாடு' என்பார்கள், 'நாட்டுக்குப் போறோம்' என்பார்கள். எங்களுக்கோ அங்கே இறங்கியதும் வியர்க்குரு. குடிக்கிற தண்ணீர் உப்புக் கரிக்கும். கிராமத்துப் பிள்ளைகள் எங்களை 'மலைக்காரங்க' என்பார்கள். ஸ்வெட்டர் போட்ட படத்தைக் காட்டினால் சிரிப்பார்கள். சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் இருப்பார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோறு போட்டுக்கொண்டே கேட்பார்கள், "எப்போ ஊருக்குக் கிளம்புறீங்க?" என்று. பாருங்கள், அவர்களுக்கே தெரிந்திருக்கிறது எங்கள் ஊர் எது என்று. பாட்டி கொடை முடிந்த மறுநாளே மூட்டையைக் கட்டிவிடுவார். போடிமெட்டு ஏறி முதல் குளிர்காற்று அடிக்கும்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, வந்து சேந்தாச்சு" என்பார்.

இனி வரப்போகிற கமெண்டுகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

'அவர் பாராட்டித்தானே பேசினார்?' ஒருவர் வாசலில் அனுமதி இல்லாமல் நுழைந்து, அவர் முகத்தைப் படமெடுத்து, அவர் சொன்ன பதிலைத் திருத்துவதற்குப் பெயர் பாராட்டு என்றால் எனக்கு அந்தப் பாராட்டு வேண்டாம். உங்கள் அப்பார்ட்மெண்ட் வராண்டாவில் நான் வந்து உங்கள் பாட்டியிடம் இப்படிக் கேட்டால் செக்யூரிட்டி என்னை லிப்ட்டுக்குள்ளாவது விடுவாரா?

'டூரிஸ்ட் வந்தால்தான் உங்களுக்குச் சோறு.' இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. என் சித்தப்பா மகன் ஜீப் ஓட்டுகிறான். தோட்டச் சம்பளம் மட்டும் என்றால் அவன் பிள்ளைகளுக்கு பீஸ் கட்ட முடியாது. வாருங்கள், சுற்றுங்கள், தங்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். யாரும் வர வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வரையாடு குட்டி போடுகிற காலத்தில் அமைதி வேண்டும் என்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில், டூரிஸ்டுகள் அதைப் பார்க்கப் போகிற ராஜமலையையே மூடிவிடுகிறார்கள். எந்த டூரிஸ்டும் அதற்குச் சண்டை போடுவதில்லை. நல்ல விஷயம், அப்படித்தான் செய்ய வேண்டும். ஆட்டுக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை எங்கள் கிழவிகளுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடித்து அதை விரட்டிப் படம் எடுத்துவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள். மிரண்ட யானை ராத்திரி வந்து நிற்பது லயத்து வாசலில்.

அப்புறம் வீடியோவின் கீழே இருக்கிற கமெண்டுகள். தமிழ்நாட்டு நண்பர்கள் 'அது தமிழன் மண், பறிகொடுத்துவிட்டோம்' என்று வீரமாக எழுதியிருக்கிறார்கள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது, மூணாறு இருக்கிற தேவிகுளமும் பக்கத்து பீர்மேடும் யாருக்கு என்று பெரிய போராட்டம் நடந்தது உண்மை. ஆனால் ஐயா, உங்களுக்கு நாங்கள் அந்த வரைபடத்தில் மட்டும்தான் ஞாபகம் வருகிறோமா? 2015 செப்டம்பரில் இருபது சதவீத போனஸைப் பத்தாகக் குறைத்தார்கள் என்று எங்கள் பெண்கள் எந்தத் தலைவரும் இல்லாமல் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்களே, அதில் என் அம்மாவும் இருந்தார். அன்றைக்கு இந்த வீரம் எங்கே போயிருந்தது? அந்தப் பக்கம் மலையாளத்தில், 'பிடிக்கலன்னா உங்க நாட்டுக்கே போங்க' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நிறைய லைக். எந்த நாட்டுக்கு? நான் கேரளப் பாடப்புத்தகத்தைத் தமிழில் படித்தவள். எங்கள் லயத்தில் ஓணத்துக்கும் பாயசம் உண்டு. பொங்கலுக்கு எல்லை மாவட்டங்களுக்கு கேரள அரசே லீவு விடுகிறது. எங்கள் ஓட்டு தேவிகுளம் தொகுதியில். பக்கத்து வீட்டு சேச்சிக்கும் என் அம்மாவுக்கும் இல்லாத எல்லை, கமெண்ட் எழுதுகிற இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நான் எல்லையை மாற்றச் சொல்லவில்லை. என் ஊரை என் ஊர் என்று சொல்வதற்கு இரண்டு பக்கமும் என்னிடம் அத்தாட்சி கேட்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அத்தாட்சிதான் வேண்டும் என்றால் பெட்டிமுடிக்குப் போங்கள். ராஜமலையைத் தாண்டி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை இடிந்து லயங்களை மூடியது. கரண்டும் இல்லை, போனும் இல்லை, செய்தி வெளியே வருவதற்கே விடிந்துவிட்டது. எழுபது உயிர்கள். அதில் நிறையப் பேருக்கு கயத்தாறு பக்கம் சொந்தபந்தம். மழையில் நனைந்துகொண்டே அந்தச் சொந்தங்கள் மலையேறி வந்தார்கள். அடக்கம் எங்கே நடந்தது தெரியுமா? ராஜமலையில்தான். அந்தக் குழிகளைத் தோண்டியபோது யாரும் ஒரிஜினல் ஊர் கேட்கவில்லை. புதைக்க அந்த மண் எங்களுடையது, வாழும்போது மட்டும் நாங்கள் வந்தேறிகளா? இதை எழுதும்போது கை நடுங்குகிறது. என்னுடன் பள்ளியில் படித்தவளின் குடும்பம் அங்கே இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

இன்னொரு கேள்வியும் வரும், எனக்குத் தெரியும். 'இவ்வளவு கஷ்டம் என்றால் கீழே இறங்கி வந்துவிட வேண்டியதுதானே?'

தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் லயம். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பிறந்த வீடு, கல்யாணமாகி வந்த வீடு, பிள்ளை பெற்ற வீடு என்கிற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. அம்மாவும் அப்பாவும் ஓய்வு பெற்றபோது கம்பெனியில் சாவியை ஒப்படைத்த பிறகுதான் கிராஜுவிட்டி கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் சங்கரன்கோவில் பக்கம் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக வீடு கட்டினார்கள். நல்ல வீடுதான், சிமெண்ட் தளம், சொந்தக் கிணறு, பட்டா அப்பா பெயரில். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் ஒரு வீடு. நாங்கள் எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

அங்கே அவர்களால் இருக்க முடியவில்லை. அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா காலையில் எழுந்ததும் தெருவில் இறங்கி நின்று மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பார் என்று அம்மா போனில் சொல்வார். டீக்கடையில் 'மூணாறுக்காரரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மலையேறிவிட்டார்கள். இப்போது மூணாறு டவுனை ஒட்டிய காலனியில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். டூரிஸ்ட் சீசனில் ஹோம்ஸ்டேக்கு விட்டால் நாலு மடங்கு கிடைக்கும் என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு ஏப்ரலும் சொல்லிக் காட்டுகிறார், வாடகையும் ஏறுகிறது. கீழே சொந்த வீட்டிலிருந்து வருகிற வாடகை இங்கே பாதிக்குக்கூடப் பத்தாது. மீதியை நான் கட்டுகிறேன், கட்டிக்கொண்டே இருப்பேன். இறங்கி வாருங்கள் என்று ஒருநாளும் அவர்களைக் கூப்பிட மாட்டேன்.