கெட்ட மரபணு புதிதாக உண்டாவதில்லை

நல்ல கட்டுரை. ஒரு திருத்தம் மட்டும். உட்கலப்பால், அதாவது நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ந்தால், கெட்ட மரபணுக்கள் உண்டாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்டாவதில்லை, அவை ஏற்கெனவே ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருப்பவை. தாயும் தந்தையும் ஒரே மூதாதையிடமிருந்து அதைப் பெற்றிருந்தால், குட்டியிடம் இரண்டு பிரதிகளும் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

உட்கலப்பால் நலிந்த புளோரிடா பாந்தரை (அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பூமா என்ற பெரிய பூனை) நீங்கள் தொடாமல் விட்டதில் எனக்கு வருத்தம். 1990களின் தொடக்கத்தில் மிஞ்சியவை இருபது, முப்பதுதான். வால் நுனி மடங்கியிருக்கும், சிலவற்றுக்கு இதயத்தில் ஓட்டை, பல ஆண் விலங்குகளுக்கு விரை இறங்கவே இல்லை. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டி போட்டவை ஐந்தே ஐந்து! அதற்கே கலப்புக் குட்டிகள் அதிகம் பிழைத்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எண்ணிக்கை மும்மடங்கானது.

அதற்காக உட்கலப்பு என்றாலே அழிவு என்றும் சொல்ல முடியாது. நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைதானே, தன்னோடு தானே சேரும் அதுவும் உட்கலப்புதானே? வெகுகாலமாக அப்படியே இருப்பதால், கேடான மரபணுக்கள் வெளிப்பட்டு வெளிப்பட்டுப் பெருமளவு களையப்பட்டுவிட்டன. பாந்தருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அடுத்த பகுதியில் இதையும் கொஞ்சம் எழுதுங்களேன்.