கேமரா வாங்கும் முன்னாடி கூப்பிடுங்க

செம்மரக் கடத்தல்காரர்களைப் பிடிக்க ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடியில் முகம் அடையாளம் காணும் கேமரா மாட்டப் போகிறார்கள். அதற்காக வியாழக்கிழமை நடந்த கூட்டத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை, வீடியோவே சுற்றிக்கொண்டிருக்கிறது. சமூகவியல் துறைக்காரர்களான எங்களுக்கு அங்கே கிடைத்த பதில் மட்டும்: "டெக்னாலஜியை டெக்னாலஜி ஆளுங்க பாத்துப்பாங்க, சமூகவியல்காரங்க ஊர்ல விழிப்புணர்வு நாடகம் போட்டுக் குடுங்க போதும்." கைதட்டல் வேறு.

நல்லது. நாடகம் போடுகிறோம். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம்: கேமரா வாங்கும் முன்னாடி கூப்பிடுங்கள். மாட்டிய பிறகு இல்லை.

முகம் அடையாளம் காணும் மென்பொருள் "இவன்தான்" என்று சொல்வதே கிடையாது. இரண்டு முகமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு மதிப்பெண் தரும், அவ்வளவுதான். எத்தனை மதிப்பெண்ணில் அலாரம் அடிக்க வேண்டும் என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி காவல்துறை 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் சொன்னது. ஏன் 80? ஏன் 90 இல்லை? எத்தனை அப்பாவிகளை பஸ்ஸை விட்டு இறக்கி வெயிலில் நிற்க வைக்கலாம் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இதில் பொறியியல் எங்கே வந்தது?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். சாவடியில் ஒரு நாளைக்கு 10,000 முகம். மெஷின் ஆயிரத்துக்கு ஒன்றுதான் தப்பு செய்கிறது, அதாவது ரொம்ப நல்ல மெஷின். அன்றைக்கு நிஜமான செம்மரக் கடத்தல்காரன் ஒருத்தன் வந்து மாட்டுகிறான். மொத்தம் 11 அலாரம், 10 பொய். "99.9 சதவீதம் துல்லியம்" என்று விற்பனையாளர் திரையில் காட்டினாரே, அதற்கு இதுதான் பொருள்.

அடுத்து மொட்டை. திருப்பதியிலிருந்து திருத்தணி வழியாக வரும் பஸ்ஸில் பாதிப் பேர் தலையில் சந்தனம் பூசிய மொட்டை. மென்பொருள் கண்ணையும் மூக்கையும் வைத்து அளப்பதால் அதற்கு இதில் பெரிய சிரமம் இல்லை. பழைய போட்டோவையும் எதிரில் நிற்கும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கும் கான்ஸ்டபிள்தான் திணறுவார். முன்பின் தெரியாத முகத்தைப் போட்டோவோடு ஒப்பிடுவதில் மனிதர்கள் எவ்வளவு மோசம் என்று உளவியல்காரர்கள் எத்தனையோ முறை சோதித்துக் காட்டிவிட்டார்கள். அதுவும் மெஷின் ஏற்கெனவே சிவப்பு விளக்கைப் போட்ட பிறகு? அவர் அந்த ஆளை விட்டுவிட்டு, நாளைக்கு அவன் கடத்தல்காரன் என்று தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. நாலு மணி நேரம் உட்கார வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எந்த கான்ஸ்டபிள் விடுவார், சொல்லுங்கள். "கடைசி முடிவு மனிதர் கையில்" என்று டெண்டரில் ஒரு வரி எழுதினால் இது சரியாகிவிடுமா?

அப்புறம் மெஷினுக்குள் போடும் தேடப்படுவோர் பட்டியலில் உள்ள பெயர்கள். ஏழுமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு ஏழுமலை இருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒருவர் 'இசட் எச்' போடுவார், ஒருவர் வெறும் 'எல்', எல்லை தாண்டினால் 'ஒய்'யில் ஆரம்பிப்பார்கள். நம் ஆளுக்கு முன்னால் இருப்பது அப்பா பெயரின் இனிஷியல். ஆந்திரப் படிவம் கேட்பது இண்டிபேரு, அதாவது குடும்பப் பெயர். அந்தக் கட்டத்தில் ஒரு குமாஸ்தா அப்பா பெயரை எழுதுவார், இன்னொருவர் ஊர் பெயரை. ஒரே ஆள் மூன்று ஆளாவார், மூன்று ஏழுமலை ஒரே ஆளாவார்கள். இதைக் கண்டுபிடிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். பட்டியல் தயாரிக்கும் இடத்தில் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் போதும். அந்த ஆளைத்தான் நாடகம் போடச் சொல்கிறீர்கள்.

"கடத்தல்காரனுக்கு வக்காலத்தா?" இல்லை. 2013-ல் சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டதும் தெரியும், சாவடியில் இரவு நிற்பவர்களின் பயமும் தெரியும். பொய் அலாரம் அவர்களையும்தான் அலைக்கழிக்கிறது. பத்து தடவை ஏமாந்தவர் பதினோராவது அலாரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

இதைவிட வலிப்பது நம் துறை நண்பர்களின் பின்னூட்டம்தான். "போலீஸோடு ஒரே மேசையில் உட்காரலாமா?" கேமலாட் திட்டத்தை நினைவூட்டுகிறார்கள். அமெரிக்க ராணுவம் சமூகவியலாளர்களை வாடகைக்கு எடுத்தது, நார்வே சமூகவியலாளர் யோகான் கால்டுங் சேர மறுத்தார், 1965-ல் திட்டம் ரத்தானது. ஆப்கானிஸ்தானுக்குப் படையோடு மானுடவியலாளர்களை அனுப்பியதை 2007-ல் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் செயற்குழு ஏற்கவில்லை. தெரியும் அய்யா. அவ்வளவு தூரம் போவானேன்? வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மண்டையை அளந்தார், அதே அளவுக் கலையைச் சென்னைப் போலீஸுக்குப் பாடமும் எடுத்தார். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் இந்த மாகாணத்துக்கு வந்தபோது எந்தெந்தச் சாதி என்று கேட்டால் எடுத்துக் காட்டப் பட்டியல் தயாராக இருந்தது. நம் கை சுத்தம் என்று நான் எங்கே சொன்னேன்?

ஆனால் நாம் எழுந்து போய்விட்டால் மேசை காலியாக இருக்காது. விற்பனையாளர் உட்காருவார். போகாமல் இருந்து நம் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், ஏழுமலைக்கு அதனால் என்ன லாபம்?

2015 ஏப்ரல் 7, சந்திரகிரி பக்கம், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது 20 பேரை. நம் ஆட்கள். வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். அப்போது சாவடியில் முகக் கேமரா கிடையாது. ஆளைப் பார்த்தே, பேச்சை வைத்தே "தமிழ்நாட்டுக் கூலி" என்று முடிவு செய்த கண்தான் இருந்தது. அந்தக் கண் சேர்த்துவைத்த பட்டியலைத்தான் இப்போது மெஷினுக்குள் போடப் போகிறார்கள். இதை ஒரு கூட்டத்தில் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறோமாம்.

நாங்கள் கடிதம் எழுதிக் கேட்டது மூன்றே மூன்று. டெண்டருக்கு முன் சந்தை நாள், ஆடிக் கிருத்திகை, சாதாரண நாள் என மூன்று நாள் யார் யார் கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. அலாரம் அடித்து நிறுத்திய ஒவ்வொருவரையும் எத்தனை நிமிடம் வைத்திருந்தார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒரு நோட்டு. பட்டியல் படிவத்தில் "சேர்த்த தேதி" பக்கத்தில் "நீக்கிய தேதி" என்று ஒரு கட்டம், விடுதலையானவன் பெயர் பட்டியலை விட்டு வெளியே வர.

கடிதத்துக்குப் பதில் இல்லை. விழிப்புணர்வு நாடகத்துக்கு எத்தனை பேர் வருவீர்கள், சாப்பாடு சொல்ல வேண்டும் என்று நேற்று போன் மட்டும் வந்தது.