உப்புக் காத்துக்கு வாரண்டி கிடையாதாம்

வாங்கி ரெண்டு வருஷம்கூட நிறையல. மூணு வருஷ வாரண்டி வேணும்னு தனியாக் காசு கட்டி வாங்கின லேப்டாப். லாத்தா (அக்கா) மகள் காலேஜ் படிப்புக்காக வாங்கினது. ஒரு நாள் காலையில சார்ஜும் ஏறல, ஆனும் ஆகல. மதுரைக்குத் தூக்கிட்டுப் போனா, சர்வீஸ் சென்டர் பையன் அடி மூடியைக் கழட்டினான், போன்ல போட்டோ எடுத்தான், எதையோ தட்டினான்.

"தண்ணி எதுவும் கொட்டுச்சா சார்?"

"இல்லப்பா."

"வீடு கடலோரமா?"

"ஆமா, கீழக்கரை."

"அதான் சார். கரோஷன், உப்பு அரிச்சிருக்கு. வாரண்டியில வராது. மதர்போர்டு மாத்தணும்."

கொட்டேஷனைப் பார்த்தா புது லேப்டாப் விலையில பாதிக்கு மேல போகுது. சரி, மாத்தினா அந்தப் பழைய போர்டையாவது கையில கொடுப்பீங்களான்னு கேட்டேன். அது கம்பெனிக்குத் திரும்பப் போயிடுமாம். காசு நம்மளது, போர்டு அவங்களது.

அது என்னங்க "அதான் சார்"? கடலோரத்துல பிறந்தது எங்க தப்பா? இந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வடகிழக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்னு ஜனம் கடலை ஒட்டியேதான் குடியிருக்கு. விக்கும்போது மட்டும் யாருக்கும் கடல் கண்ணுல படல. பில்லுல கீழக்கரைன்னு அட்ரஸ் அடிச்சு, பின்கோடு போட்டு, கையெழுத்தும் வாங்கினாங்க. அப்ப ஒருத்தராவது "வீடு கடலோரமா?"ன்னு வாயைத் திறந்தாங்களா? வாரண்டியை நீட்டிக்கச் சொல்லிக் கூடுதல் காசு வாங்கினப்பவாவது?

உப்பு எப்படி உள்ள போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாதுன்னு நான் நம்பல. அலை உடையும்போது தெறிக்கிற பொடித்துளி காத்தோட ஊருக்குள்ள வருது. தண்ணி காஞ்சு, உப்பு மட்டும் எல்லாத்து மேலயும் படியுது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா அந்த உப்பு தானா ஈரத்தை இழுத்துக் கரைஞ்சு, மெல்லிசா உப்புத்தண்ணிப் படலமா நிக்கும். எங்க ஊர்ல ராத்திரி அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல. அது மேல கரண்டும் ஓடினா, போர்டுல மயிரிழை தூரத்துல பக்கத்துப் பக்கத்துல கிடக்கிற செம்புக் கோடுகளை அரிக்கிறது இன்னும் வேகமாகும். லேப்டாப் ஃபேன் வெளிக்காத்தைத்தானே இழுத்துச் சூட்டைத் தணிக்குது? சோழகம்ங்கிற தெக்கத்திக் காத்து வீசுற மாசங்கள்ல ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும். அந்தக் காத்துதான் உள்ள போகுது. வாலிநோக்கத்துல அரசாங்கமே உப்பளம் நடத்துற மாவட்டம் இது. இதுல என்ன ரகசியம் இருக்கு?

இதைச் சொன்னா உடனே ஒருத்தர் சமாதானத்துக்கு வருவார், "எலக்ட்ரானிக்ஸ் கடலோரத்துல தாங்காது பாய், அது இயற்கை"ன்னு. தாங்குச்சே! எங்க வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் இதே வீட்ல, இதே காத்துல தாங்குச்சே!

2001. வாப்பா துபாய்லேருந்து அனுப்பின காசுல மதுரையில அசெம்பிள் பண்ணி வாங்கினது. செலரான் பிராசசர், 128 எம்பி ராம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி டிரைவ், பதினஞ்சு இன்ச் மானிட்டர், விண்டோஸ் 98. வாடகைக் கார் பிடிச்சு, மானிட்டரை மாமா மடியில வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே கொண்டு வந்து சேர்த்தார். பரமக்குடி தாண்டுற வரைக்கும் காலை நீட்டலன்னு இன்னைக்கும் சொல்லிக் காட்டுவார். உம்மா பூப்போட்ட துணியில மூணு உறை தச்சாங்க, மானிட்டருக்கு ஒண்ணு, சிபியூவுக்கு ஒண்ணு, கீபோர்டுக்கு ஒண்ணு. வேலை முடிஞ்சு சூடு ஆறினதும் உறை போட்டாகணும். தூசிக்குன்னு தச்சதுதான், உப்பையும் பாதி அதுவே தடுத்திருக்கும்னு இப்பத் தோணுது. அந்தத் துணியில இருந்த அக்கறை இந்தக் கம்பெனிக்காரன்கிட்ட இல்ல.

இன்டர்நெட் 56 கே மோடம்ல, பேசுற லைன்லயே ஓடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வாப்பா போன் பண்ற நேரத்துல எவனாவது நெட்ல உக்காந்திருந்தா அன்னைக்கு வீட்ல கலவரம்தான். ஒரு பாட்டு இறங்கி முடியறதுக்குள்ள ரெண்டு தடவை கரண்டு போகும். அதையெல்லாம் பெருமையாச் சொல்ல வரல. மெதுவான மெஷின், சத்தமான மெஷின், நாலு பேர் சேர்ந்து தூக்கணும். அதைவிட இன்னைக்கு இருக்கிறது எவ்வளவோ மேல்னு எனக்கும் தெரியும்.

ஆனா அதைத் திறக்க முடிஞ்சுது!

அதுக்கும் உப்பு பிடிச்சுது, பிடிக்காம என்ன? மழைக்காலம் முடிஞ்சா ஒரு நாள் ஸ்கிரீன் கறுப்பா நிக்கும், உள்ளேருந்து நீளநீளமா பீப் சத்தம் வரும். ராம்ங்கிற மெமரிப் பட்டையோட காலுல கறை ஏறியிருக்குன்னு அர்த்தம். பின்பக்க ஸ்க்ரூவைக் கழட்டி, பக்கத்துத் தகடை இழுத்து, ரெண்டு பக்கக் கொக்கியையும் விலக்கினா ராம் கையோட வந்துடும். பென்சில் ரப்பரால அந்தத் தங்கக் கலர் காலைத் தேய்ச்சு, பிரஷ்ஷால துடைச்சுத் திரும்ப அழுத்தினா, குட்டியா ஒரே ஒரு பீப், மெஷின் எழுந்துடும். பள்ளிக்கூடப் பையனா இருந்த நான் பண்ணின வேலை இது. டிஸ்பிளே கார்டுக்கும் அதே ரப்பர் வைத்தியம். தேதி பழைய வருஷத்துக்கு ஓடிட்டா, மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரியை மாத்தணும், அவ்வளவுதான். கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி புகைஞ்சப்போ ராம்நாட்டுக் கடைக்கார காக்கா (அண்ணன்) அதை மட்டும் கழட்டிட்டு வேற மாட்டிக் கொடுத்தார். "மொத்தமா மாத்துங்க"ன்னு அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. பல வருஷம் ஓடுச்சு. கடைசியிலயும் அது சாகல, வேகம் பத்தலன்னு நாங்களாத்தான் பரண்ல ஏத்தினோம்.

இப்ப இந்த லேப்டாப்புல ரப்பரை எங்க தேய்க்கிறது? ராம் போர்டோடயே சால்டர் பண்ணிக் கிடக்கு. சார்ஜர் குத்துற டைப்-சி ஓட்டையும் அதே போர்டுல. பேட்டரியைப் பசை வச்சு ஒட்டியிருக்கான். கீபோர்டு மேல் மூடியோட ரிவெட் அடிச்சு வந்திருக்கு, ஒரு கட்டை போனா முழு மூடியும் மாத்தணும். ஒரு சின்ன ஐசி சிப் அரிச்சதுக்கு மொத்த போர்டையும் மாத்துன்னு சொல்றது, தாழ்ப்பாள் துருப்பிடிச்சதுக்கு வீட்டை இடிச்சுக் கட்டச் சொல்ற கதை.

கேட்டா "ஒல்லியா வேணும்னா அப்படித்தான் பண்ண முடியும்"ங்கிறான். யாரு ஒல்லியா கேட்டது? எங்க லாத்தா மகள் கேட்டாளா? அவ கேட்டது விலை குறைச்சலா ஒண்ணு. ஒல்லிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னே வச்சுக்குவோம். மெமரிக்குத் தரநிர்ணயம் பண்ற ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பர்லயே கேம்2-ன்னு ஒரு வடிவத்தை அறிவிச்சாச்சு. தட்டையா போர்டு மேல படுத்திருக்கும், ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம், கழட்டலாம், மாத்தலாம். வழி இருக்கு. மனசுதான் இல்ல. கழட்டி மாத்த முடிஞ்சா அடுத்த லேப்டாப்பை யார் வாங்குவா?

இந்தக் கடலுக்கு ஏத்த மாதிரி எதையும் செய்ய முடியாதுன்னு சொல்றவங்க பாம்பனுக்கு வந்து பாருங்க. 1914ல திறந்த ரயில் பாலம் 2022 டிசம்பர் வரைக்கும் ரயிலைச் சுமந்துச்சு, கடல் நடுவுல, இரும்புல! சும்மாவா நின்னுச்சு? பெயின்ட் அடிச்சு, துருப்பிடிச்ச தகடை மாத்தி, விடாம பார்த்துக்கிட்டாங்க. மாத்துற மாதிரி கட்டியிருந்ததால மாத்த முடிஞ்சுது. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு, உப்பை நினைச்சே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சுன்னு முன்கூட்டியே யோசிச்சுப் போட்டிருக்காங்க. போர்டு மேல மெல்லிசா ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுக்கிறது ஒண்ணும் புது வித்தை இல்ல, கார்ல, கப்பல்ல வர்ற எலக்ட்ரானிக்ஸுக்குக் கொடுக்கிறதுதான். நமக்கு விக்கிறதுல அந்தச் செலவைப் பண்ண மனசு வரல. சரி, பண்ண வேணாம். அப்ப அட்டைப்பெட்டி மேல "கடலோர மாவட்டங்களுக்கு அல்ல"ன்னு கொட்டை எழுத்துல அடி. அடிப்பியா?

ரிப்பேர் பண்ற உரிமைன்னு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலைல குழு போட்டுச்சு, அந்த வருஷம் டிசம்பர்ல இணையதளமும் திறந்துச்சு. நல்லது. ஆனா எனக்கு வேணும்கிறது வெப்சைட் இல்ல. உதிரி பாகத்தைக் கடைக்கு வித்தே ஆகணும், போர்டோட சர்க்யூட் படத்தைக் கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் வரணும்.

ஏன்னா இந்த மெஷினை ரிப்பேர் பண்ண ஆள் இருக்கு. ராம்நாட்டுல அதே கடையில இப்ப காக்காவோட மகன் உக்காந்திருக்கான். மைக்ராஸ்கோப் வச்சு சிப் லெவல் வேலை பாக்கிற பையன். திறந்து காட்டினான், சார்ஜிங் போர்ட் ஓரத்துல ஒரே ஒரு ஐசியைச் சுத்திப் பச்சையாப் பூத்திருக்கு. மத்த இடமெல்லாம் பளபளன்னு இருக்கு. ஐபிஏங்கிற ஆல்கஹாலை ஊத்தி, பிரஷ் போட்டுக் கழுவிட்டான். "இது ஒண்ணு கிடைச்சாப் போதும் மாமா"ங்கிறான். அது எங்க கிடைக்கும்? கம்பெனி விக்காது. டெல்லி நேரு பிளேஸ்ல செத்த போர்டுலேருந்து பிரிச்சு விக்கிறவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கான். காசு கொடுத்து வாங்கின பொருளுக்கு, செத்த மெஷின்லேருந்து பாகம் திருடுற மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு தேட வேண்டியிருக்கு. அதுவரைக்கும் லாத்தா மகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை போன்ல கட்டை விரலால தட்டிக்கிட்டு இருக்கா.

நான் விடப்போறதில்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, வாங்கின கடையோ கம்பெனியோ எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. வக்கீல் இல்லாம நாமளே நின்னு பேசலாம். பிரச்சினை வந்த நாள்லேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அது மட்டும் கவனம்.

தொண்டியிலேருந்து மூக்கையூர் வரைக்கும் இதே பதிலை வாங்கிட்டு, விதின்னு நினைச்சு வீட்டுக்கு வந்தவங்க எத்தனை பேருன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பில், வாரண்டி பேப்பர், "கரோஷன்"னு அவங்களே எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட், எதையும் கிழிச்சுப் போட்டுடாதீங்க. எழுதிக் கொடுக்க மாட்டேன்னு சொன்னா, எழுதிக் கொடுக்கிற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்காதீங்க.