யாரோடயும் சேராம படி

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பாரப்பட்டி பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் கொட்டாய், அதாவது எங்கள் வீடுகள் இருக்கிற சின்னக் குடியிருப்பு. சித்தி பையனுக்குத் தர்மபுரியில் காலேஜ் சீட் கிடைத்திருக்கிறது. பி.எஸ்சி. கணிதம். புதுப் பை, புதுச் செருப்பு எல்லாம் கட்டில்மேல் வரிசையாக இருந்தன. நான் கிளம்பும்போது சித்தி கையைப் பிடித்துக்கொண்டது. "நீ சொன்னா கேப்பான் பாப்பா. காலேஜ்ல யாரோடயும் சேராம ஒழுங்கா படிச்சிட்டு வரச் சொல்லு."

காலேஜில் சேர்ந்தாயிற்று, இனி யாரோடும் சேரக் கூடாது. எங்கள் வீடுகளில் காலேஜுக்குப் போகிற பிள்ளைக்குத் திருநீறு பூசும்போதே சொல்லி அனுப்புகிற வார்த்தை இது. 2010-இல் அப்பா எனக்கும் இதையேதான் சொன்னார். நான் அதை அச்சு அசலாகக் கடைப்பிடித்தேன், அதில் எனக்கு ஒரு வருடம் போயிற்று. அந்தக் கதையைத் தம்பிக்காகத்தான் எழுதுகிறேன். சித்தியும் படிக்கட்டும், யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

நான் படித்தது காலை ஷிப்ட். மதியம் ஒன்றரைக்கு வகுப்பு முடியும். எங்கள் பக்கம் போகிற டவுன் பஸ் 1.50-க்கு. அதை விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு மேல். அதனால் கடைசிப் பாடம் நடக்கும்போதே பையை மூடி மடியில் வைத்துக்கொள்வோம். மணி அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரே ஓட்டம். அரசுக் கல்லூரி என்பதால் பஸ் பாஸ் இலவசம். பாஸில் ஏறுகிற ஊரும் இறங்குகிற ஊரும் எழுதியிருக்கும். அந்த இரண்டு ஊருக்கு நடுவேதான் என் மூன்று வருடமும் ஓடியது.

எனக்குத் தோழிகளே இல்லை என்று நினைக்காதீர்கள். நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் அதே 1.50 பஸ். ஒருத்தி வீட்டுக்கும் இன்னொருத்தி வீட்டுக்கும் இடையில் ரெண்டு புளியந்தோப்புதான் தூரம். நாலு பேர் அப்பாவும் ஒரே சந்தையில் தக்காளி போடுகிறவர்கள். வெளிப்படையாகச் சொல்வதென்றால் நாலு பேரும் ஒரே சாதி. நாங்கள் தேர்ந்தெடுத்த நட்பு இல்லை அது, பஸ் ரூட் தேர்ந்தெடுத்த நட்பு. டிபன் பாக்ஸில் களி உருண்டை கொண்டுவந்தால் ஒருவருக்கொருவர் கூச்சப்படத் தேவையில்லாத அளவுக்கு நெருக்கம். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு சேதி அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் பஸ்ஸை விட்டேன். நல்ல மழை. ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் திரும்பும் இடத்தில் அதன் முதுகுதான் தெரிந்தது. திரும்பி காலேஜுக்கே வந்தேன். வராண்டாவில் ஹாஸ்டல் பெண்கள் அஞ்சாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண், தளி பக்கத்திலிருந்து ஒருத்தி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். இருவரும் என் வகுப்புதான், ஒன்றரை வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம், பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. வறுத்த கடலையைப் பகிர்ந்துகொண்டு ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். நான் விண்ணப்பிக்காமல் விட்டிருந்த ஒரு உதவித்தொகை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நூலகத்தில் நாமே அலமாரிக்குள் போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்பதும், சாயங்காலம் இருக்கிற கெஸ்ட் லெக்சரர் ஒருவர் கேட்டால் உட்காரவைத்துக் கணக்கு சொல்லித்தருவார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சித்தேரிப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவள், யாரிடமும் கேட்கத் தயங்காதவள்.

வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. அப்பா திட்டவில்லை, அம்மாவிடம் மட்டும் "இதுக்குத்தான் படிக்க அனுப்புனமா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் நான் அந்த பஸ்ஸை விடவே இல்லை.

அப்பாவின் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பஸ் ஸ்டாண்டில் யாருடனோ பேசினாள் என்று கண்டக்டர் வழியாகச் சேதி வந்துவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி நின்றுபோன இரண்டு பேரை எனக்கே தெரியும். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2012 நவம்பரில், சாதி தாண்டிய ஒரு காதல் திருமணத்தைத் தொட்டு நாய்க்கன்கொட்டாய் பக்கம் குடியிருப்புகள் எரிந்தன. அதற்குப் பிறகு பல வாரங்கள் எங்கள் வகுப்பில் பெஞ்சுகள் தாமாகவே பிரிந்துகொண்டன. யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வீட்டில் "பக்கத்துல யாரு உக்கார்றா" என்று கேட்டார்கள். அந்தச் சூழலில் யாரோடும் சேராதே என்று சொன்ன அப்பாவை எப்படிக் குறை சொல்வது? அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அது. ஆனால் ஊரை எரித்தவர்கள் யாரும் வேற்று ஊர்ப் பிள்ளைகளோடு பழகிக் கெட்டுப்போனவர்கள் இல்லையே. தன் ஆட்களைத் தவிர வேறு யாரையும் பழகிப் பார்க்காதவர்கள்தானே கொளுத்தப் போனார்கள்? இதை அப்பாவிடம் கேட்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை.

2013-இல் டிகிரி முடிந்தது. எம்.எஸ்சி. படிக்க ஆசை. ரிசல்ட் வந்த பிறகுதான் அப்ளிகேஷன் தருவார்கள் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். விசாரிக்கப் போனபோது நான் சேர நினைத்த இடத்தில் கடைசி நாள் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ரிசல்ட் வருவதற்கு முன்பே போடலாமாம். சர்டிபிகேட் வாங்கப் போன அன்று, காவேரிப்பட்டணத்திலிருந்து வந்து என்னோடு படித்தவளைப் பார்த்தேன். ரெண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தவள். அவள் மார்ச்சிலேயே தேதி தெரிந்து போட்டுவிட்டிருந்தாள், அவள் அண்ணன் அங்கே படித்தவர். "சொல்லியிருக்கலாமேடி" என்றேன். "நீ கேக்கவே இல்லையே. மணி அடிச்சா நீ ஓடிருவியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

ஒரு வருடம் கொட்டாயில் இருந்து டியூஷன் எடுத்தேன்.

அடுத்த வருடம் எம்.எஸ்சி. சேர்ந்ததும் முதல் வேலையாக பஸ்ஸை விடப் பழகினேன். வாரம் இரண்டு நாள் தர்மபுரி மாவட்ட மைய நூலகத்தில் போய் உட்காருவேன், வீட்டில் நூலகம் என்றால் ஒத்துக்கொண்டார்கள். அங்கே குரூப் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். ஊத்தங்கரைக்காரர் ஒரு அண்ணன், வரலாறு படித்தவர், கணக்கில் திணறுவார். வட்டிக் கணக்கு, வேலை-நாட்கள் கணக்கு நான் சொல்லித்தந்தேன். மொத்தம் பத்துப் பன்னிரண்டு தடவை பேசியிருப்போம். அவ்வளவுதான் பழக்கம். மூன்று வருடம் கழித்து அவர் போன் செய்தார். அவருடைய மாமா வேலை செய்கிற ஓசூர் சிப்காட் கம்பெனியில் குவாலிட்டி பிரிவுக்குப் புள்ளியியல் தெரிந்த ஆள் தேடுகிறார்களாம், "உன் ஞாபகம் வந்துச்சும்மா" என்றார். இன்றைக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். என் நாலு தோழிகள் எனக்காக உயிரையே கொடுப்பார்கள். ஆனால் ஓசூரில் வேலை காலி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதை அமெரிக்காவில் ஒருவர் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், 1973-இல் வந்த கட்டுரை. பாஸ்டன் நகரத்துப் பக்கம் தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், சேதி சொன்ன ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 100-க்கு ஏறக்குறைய 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 56, அபூர்வமாக என்றவர்கள் 28. பாஸ்டன் பக்கத்து ஆட்களுக்கும் 1.50 பஸ் ஒன்று இருந்திருக்கும்போல.

காலேஜ் விழாக்களுக்குக் கோட் போட்டுக்கொண்டு வந்து 'நெட்வொர்க்கிங்' பற்றிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. லிங்க்ட்இன் கணக்கு தொடங்குங்கள், கை குலுக்கும்போது கண்ணைப் பாருங்கள் என்பார்கள். வீட்டில் முதல் பட்டதாரிக்குத் தொடர்பு என்றால் அது இல்லை. கடைசித் தேதி எது, எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்தச் சான்றிதழுக்கு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கையெழுத்து வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள். மற்றவர் வீட்டில் இதைச் சோறு போடும்போதே அண்ணனோ அத்தையோ சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அது வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

ஆசிரியர்களையும் சும்மா விடாதே தம்பி. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் ஸ்டாப் ரூம் வாசலில் நிற்கிற பழக்கம் நமக்கு. குறிப்பாகக் கௌரவ விரிவுரையாளர்களிடம் போய்ப் பேசு. நெட், செட் என்கிற விரிவுரையாளர் தகுதித் தேர்வுகள், எங்கே என்ன காலியிடம் எல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். அவர்களே நிரந்தர வேலைக்கு அலைகிறவர்கள், உனக்குச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு ஆறுதலும் இருக்கும். என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடு. ஏழு நாள் முகாமில் ஒரே ஹாலில் படுத்து ஒரே சாம்பாரைக் குறைசொல்லித் தின்ற பிறகு எவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று பிரித்துப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

எங்கள் காலத்தைவிட இப்போது நிலைமை எவ்வளவோ மேல். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணமே இல்லை, பாஸில் எழுதிய ஊர் என்ற கட்டுப்பாடும் அவர்களுக்குப் போயிற்று. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து மாதம் 1000 ரூபாய், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து. காசும் பஸ்ஸும் வந்த பிறகும் மணி அடித்ததும் ஓடுகிறார்கள் என்றால், உட்கார்ந்து பேச ஒரு இடம் கல்லூரிகள் தரவில்லை என்றுதான் அர்த்தம். ஒன்றரை மணிக்குப் பிறகு வகுப்பறையைப் பூட்டாமல், நிழலில் நாலு பெஞ்சு போட்டு, ஒரு குடிநீர்க் குழாய் வைத்தால் போதும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடெல்லாம் வேண்டியதில்லை.

சித்தியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "வாரத்துல ஒரு நாள் பஸ்ஸை விட்டுடுடா" என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். சித்தி என்னை முறைத்தது. கொஞ்ச நேரம் புளியை உடைத்து ஓட்டை எறிந்துகொண்டே இருந்தது. நான் வண்டியை எடுக்கும்போதுதான் கேட்டது.

"அதுக்கடுத்த பஸ்சு எத்தினி மணிக்கு?"

"மூணு இருவதுக்கு, சித்தி."